"வண்டியை மந்திரிக்கணும் சாமி": கத்தோலிக்கப் பங்குகளில் ஆசீர் என்பது என்ன?

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் எங்கள் கோயில் முற்றத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "சாமி, வண்டியை மந்திரிக்கணும்." சாமி என்றால் எங்கள் குருவானவர். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறது எங்கள் பங்கு, அதாவது அவர் பொறுப்பில் உள்ள கோயில் சமூகம். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்கள், கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறவர்கள், வாடகை ஜீப் ஓட்டுகிறவர்கள்தான் பங்கு மக்கள். முற்றத்தில் புதுப் பிக்கப் ஒன்று நிற்கும். கண்ணாடியில் சாமந்தி மாலை, பம்பரில் சந்தனம், நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். அதற்குப் பக்கத்தில் கையில் தூக்குச்சட்டியோடு ஒரு பாட்டி, மந்திரித்த தண்ணீரான தீர்த்தம் வாங்க. மலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்த பிறகு பழைய எவர்சில்வர் தூக்கு மறுபடி கோயிலுக்கு வர ஆரம்பித்திருக்கிறது. இன்னொரு பக்கம் புது ஜெபமாலையைக் கவரோடு நீட்டிக்கொண்டு ஒரு பள்ளிப் பிள்ளை. சாமி பூசை உடுப்பைக்கூட மாற்றியிருக்க மாட்டார்.

உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு நான் மறைக்கல்வி எடுக்கிறேன். வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "டீச்சர், மந்திரிச்சா ஆக்சிடென்ட் ஆகாதா?" நல்ல கேள்வி. பெரியவர்கள் மனதிலும் இருக்கிற கேள்வி, கேட்கத்தான் கூச்சப்படுகிறார்கள். என்னையும் ஒரு நாள் அந்தக் கேள்வி உலுக்கியது. அதைச் சொல்வதற்கு முன் அடிப்படையிலிருந்து வருகிறேன்.

முதலில் அந்தச் சொல். நம் முன்னோர் எதையும் "மந்திரிப்பது" என்றுதான் சொன்னார்கள். மந்திரித்த தண்ணீர், மந்திரித்த உப்பு, மந்திரித்த சுரூபம் (புனிதர் சிலை). இப்போது வழிபாட்டு நூல்களில் "ஆசீர்", "ஆசி வழங்குதல்", "புனிதப்படுத்துதல்" என்று இருக்கின்றன. பேச்சில் மட்டும் மந்திரிப்பது போகவில்லை. போகவேண்டியதும் இல்லை, பாட்டிமார் வாயில் அந்தச் சொல்லுக்கு ஒரு பக்தி இருக்கிறது. ஆனால் ஊரில் தாயத்தையும் மந்திரிக்கிறார்கள், கயிற்றையும் மந்திரிக்கிறார்கள். ஒரே சொல் இரண்டு இடத்திலும் புழங்குவதால் பொருளுக்குள் ஏதோ சக்தியை ஏற்றிவிடுகிற வேலை என்ற எண்ணம் தானாக ஒட்டிக்கொள்கிறது. திருச்சபை சொல்லும் ஆசீர் வேறு.

அது என்னவென்று விளக்க எனக்குத் தெரிந்த எளிய வழி, நம்முடைய பழைய வணக்கம்தான். எஸ்டேட் பாதையில் சாமியைப் பார்த்தால் வயதானவர்கள் கும்பிட்டு "தோத்திரம் சாமி" என்பார்கள். முழுதாகச் சொல்கிறவர்கள் "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்பார்கள். சாமி பதிலுக்கு "ஆசீர்வாதம்" என்று கையை உயர்த்துவார். இந்த இரண்டு வார்த்தையில் முழுப் பாடமும் இருக்கிறது. முதல் வார்த்தை மேலே போகிறது: கடவுளுக்குப் புகழ். இரண்டாம் வார்த்தை கீழே வருகிறது: மனிதருக்கு அருள். மேலே போகிற பாதி இல்லாமல் கீழே வருகிற பாதியை மட்டும் கேட்டால் அது பாதி ஆசீர்.

இலத்தீனில் ஆசீருக்கு உள்ள சொல்லின் நேர்ப்பொருள் "நல்லது சொல்லுதல்". நாம் கடவுளைப் பற்றி நல்லது சொல்கிறோம்; கடவுள் நம்மைப் பற்றி நல்லது சொல்கிறார். திருப்பாடல்களில் "ஆண்டவரைப் போற்றிடு" என்று வரும் இடங்களில் எபிரேய மூலத்தில் இருப்பது ஆசி கூறுவதற்கு வருகிற அதே வினைதான். எண்ணிக்கை நூல் ஆறாம் அதிகாரத்தில், மக்களுக்கு எப்படி ஆசி கூறவேண்டும் என்று குருவான ஆரோனுக்கும் அவர் புதல்வர்களுக்கும் ஆண்டவரே சொல்லிக்கொடுக்கிறார். ஆண்டவர் காப்பாராக, தம் முகத்தை உன்மேல் ஒளிரச் செய்வாராக, அமைதி அருள்வாராக என்று அது போகும். மூன்று வரியிலும் செய்கிறவர் ஆண்டவர். குரு கேட்கிறார், அவ்வளவுதான். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் இயேசு குழந்தைகளை அணைத்து, அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசி வழங்குகிறார். அந்தக் கைவைத்தல்தான் இன்றுவரை வருகிறது.

அடுத்து, அருளடையாளங்களுக்கும் ஆசீருக்கும் உள்ள வேறுபாடு. அருளடையாளங்கள் ஏழு: திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில் பூசுதல், குருத்துவம், திருமணம். இவை கிறிஸ்துவே ஏற்படுத்தியவை. ஆசீர் "அருள்வேண்டல் குறிகள்" என்ற வகையில் சேரும். தீர்த்தம், சாம்பல், குருத்தோலை, மெழுகுதிரி, பக்தியாகக் கழுத்தில் போடுகிற உத்தரியம் எல்லாம் அந்த வகைதான். இவற்றை ஏற்படுத்தியது திருச்சபை. பெயரே விளக்கிவிடுகிறது: அருளை வேண்டுகிற குறி. திருச்சபையின் மன்றாட்டு நம்மைத் தயார் செய்கிறது. நாம் விசுவாசத்தோடு வாங்கிக்கொள்ளும்போது பலன் தருகிறது. அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை கொடுக்கிற மந்திரித்த ரொட்டியையும் நற்கருணையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது என்பது இதனால்தான். நற்கருணையில் அப்பம் கிறிஸ்துவின் உடலாகிறது. அந்தோணியார் ரொட்டி ரொட்டியாகவே இருக்கிறது. ஜெபத்தோடும் பகிர்வோடும் சாப்பிடுகிற ரொட்டி. எஸ்டேட்டில் எல்லா மதத்தாரும் அதை வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அதில் எந்தத் தடையும் இல்லை.

ஆசீரிலும் இரண்டு விதம் உண்டு. ஒரு ஆளையோ இடத்தையோ பொருளையோ கடவுளுக்கென்றே ஒதுக்கிவைக்கிற ஆசீர் ஒன்று. கோயிலை அர்ச்சிப்பது, பீடத்தில் கிறிஸ்மா என்ற புனித எண்ணெய் பூசுவது, திருப்பலிப் பாத்திரத்துக்கு ஆசி வழங்குவது அந்த விதம். அப்படி ஒதுக்கப்பட்ட பாத்திரத்தில் பிறகு காப்பி குடிக்க முடியாது. மற்ற விதத்தில் பொருளின் பயன்பாடு மாறுவதில்லை. ஆசீர் பெற்ற பிக்கப் கேரட் மூட்டைதான் ஏற்றும். ஆசீர் பெற்ற பேனா கணக்குப் பரீட்சைதான் எழுதும். அன்றாடம் நாம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் விதம்.

சாமி என்ன செய்கிறார் என்று கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் தெளிப்பது மட்டும்தான் கண்ணில் படும். 1614-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்குநூலில் ஆசீர்களுக்கென்று தனிப்பகுதி இருந்தது. காலம் போகப் போக அதில் புதிது புதிதாகச் சேர்ந்தன: தேனீக்களுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, தந்திக்கு ஒன்று, விமானத்துக்கும் ஒன்று. குன்னூர் ஏற்றத்தில் நம் மலை ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கி ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில் ஆசீர் ஞாபகம் வரும். மனிதன் கையால் செய்த எதையும் திருச்சபை வெளியே நிறுத்தவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டில் இதையேதான் சொன்னது. பொருள்களைச் சரியாகப் பயன்படுத்தினால், மனிதர் புனிதமாகவும் கடவுள் புகழப்படவும் உதவாத பொருள் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்கிறது அது. அந்தச் சங்கம் கேட்டபடி திருத்தப்பட்ட ஆசீர் நூல் 1984-இல் வந்தது.

புது நூலில் ஒவ்வொரு ஆசீருக்கும் இரண்டு முக்கியப் பாகம். முதலில் இறைவார்த்தை வாசகம். பிறகு புகழ்ச்சியும் மன்றாட்டும் சேர்ந்த ஜெபம். இவற்றோடு ஒரு அடையாளம் சேரும்: கையை விரிப்பது, தலையில் கை வைப்பது, சிலுவை வரைவது, தீர்த்தம் தெளிப்பது, தூபம் காட்டுவது. வார்த்தையும் இல்லாமல் ஜெபமும் இல்லாமல் வெறும் அடையாளத்தை மட்டும் செய்து பொருளுக்கு ஆசி வழங்குவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை என்று அந்த நூலின் முன்னுரை சொல்கிறது. காரணம், மக்கள் அதை மாயமாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே சாமி புத்தகத்தைத் திறந்து வாசிக்கும்போது "சீக்கிரம் தெளிச்சா போதுமே" என்று நாம் வாட்சைப் பார்க்கக் கூடாது. வாசிக்கிற அந்த இரண்டு நிமிடம்தான் ஆசீர். தண்ணீர் அதன் முத்திரை.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் தம்பி பழைய பிக்கப் ஒன்று எடுத்தான், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் இறக்க. அம்மா மாலை வாங்கினாள், நான் மெழுகுதிரி எடுத்துக்கொண்டு போனேன். சாமி ஜெபம் சொல்லி, சைப்ரஸ் கொத்தைத் தீர்த்தத்தில் நனைத்து முன்னும் பின்னும் தெளித்தார். தம்பி அந்த நேரம் முழுக்க போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரம், விடியற்காலை மூன்று மணிக்கு, குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. டீசல் மிச்சம் பிடிக்க அவன் நியூட்ரலில் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மலைக்காரர்களுக்கு இது என்னவென்று தெரியும். கியரில் இறக்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் முழு எடையும் பிரேக் மேல் விழும். சூடேறி, கருகின வாடை வந்து, கடைசியில் கால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. வண்டியைப் பாறைப் பக்கம் ஒடித்து மண்திட்டில் ஏற்றி நிறுத்தினான். முன்பக்கம் நசுங்கியது, கேரட் எல்லாம் ரோட்டில். அவனுக்குத் தோளில் ஒரு அடியோடு போனது.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "மந்திரிச்ச வண்டி, அதான் உயிர் தப்பிச்சான்" என்றார்கள். மீதிப் பேர் "மந்திரிச்ச வண்டிதானே, ஏன் இப்படி ஆச்சு?" என்றார்கள். இரண்டு பேச்சும் எனக்குச் சமாதானம் தரவில்லை. எங்கள் பங்கிலேயே எல்லா ஒழுங்கும் கடைப்பிடித்து, எல்லா ஆசீரும் வாங்கி, மலைப்பாதையில் உயிரைவிட்ட பிள்ளைகள் உண்டு. அவர்கள் அம்மாவிடம் போய் நான் என்ன சொல்ல முடியும்?

ஒரு வாரம் கழித்துத் தம்பி கட்டோடு சாமியிடம் போனான், நானும் கூடப் போனேன்.

"சாமி, வண்டி ரெடியாகி வந்ததும் இன்னொரு தடவை மந்திரிச்சுக் கொடுங்க."

"முன்னாடி மந்திரிச்சது எங்கேயும் போயிடலைப்பா," என்றார் சாமி. "வா, வண்டி வரட்டும். ஆனா இந்தத் தடவை வீடியோ வேண்டாம். ஜெபத்தை நான் சொல்லும்போது நீ கூடவே புத்தகத்தைப் பாரு."

அந்த ஜெபத்தை அன்றுதான் நானும் ஒழுங்காகக் கேட்டேன். முதலில் கடவுளை, வானத்தையும் பூமியையும் படைத்தவரே என்று போற்றுகிறது. இத்தனை பெரிய வேலைகளைச் செய்ய மனிதருக்கு அறிவைத் தந்தவர் அவர் என்று நன்றியோடு சொல்கிறது. அதுதான் மேலே போகிற தோத்திரம். பிறகு, இந்த வண்டியை ஓட்டுகிறவர்கள் பத்திரமாகப் போய்வரவேண்டும் என்று கேட்கிறது. அதே மூச்சில், மற்றவர்களுடைய பாதுகாப்பில் கவனமாக இருந்து ஓட்டவேண்டும் என்றும் கேட்கிறது. கிறிஸ்துவை வழித்துணையாகக் காணவேண்டும் என்று முடிகிறது. பிரேக்கைப் பற்றியோ டயரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ஜெபம் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிற ஆளைப் பற்றி. "மற்றவர்களுடைய பாதுகாப்பு" என்ற இடம் வந்தபோது தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இன்று அவன் இரண்டாவது கியரில்தான் மலை இறங்குகிறான்.

பிள்ளைகள் கேள்விக்கு நான் கொடுக்கிற பதில் அன்றிலிருந்து இதுதான்: மந்திரித்தால் ஆக்சிடென்ட் ஆகாது என்று திருச்சபை ஒருநாளும் சொல்லவில்லை. ஓட்டுகிற உன்னைக் கடவுள் கையில் ஒப்புக்கொடுக்கிறது; நீ எப்படி ஓட்டவேண்டும் என்பதையும் அந்த ஜெபத்திலேயே கேட்டுவிடுகிறது. நீ "ஆமென்" சொன்னாய் என்றால் அதற்கும் சேர்த்துத்தான் சொன்னாய். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் ஜெபத்தைக் கேட்காமல் பழம் நசுங்குகிற சத்தத்துக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

வீடு மந்திரிப்பதிலும் இதே நியாயம்தான். அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் கூட இல்லாமல் வீட்டுக்கு ஆசி வழங்கக் கூடாது என்று ஆசீர் நூல் கண்டிப்பாகச் சொல்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு "நீங்க போய்த் தெளிச்சிட்டு வாங்க சாமி" என்பதற்கு இடமில்லை. சுவருக்கு ஆசீர் எதற்கு? சுவருக்குள் வாழப்போகிறவர்களுக்குத்தான். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லயன் வீட்டில் இரண்டே அறை. சாமியும், பிள்ளைகளும், பக்கத்து வீட்டுக்காரர்களும் நெருக்கி நின்று ஜெபம் சொன்னபின் அடுப்பில் பால் பொங்கும். பெரிய பங்களாவில் இருபது அறைக்கும் ஓடி ஓடித் தெளிப்பதைவிட எனக்கு இதுதான் நிறைவாக இருக்கும்.

யார் ஆசி வழங்கலாம்? கோயிலை அர்ச்சிப்பது போன்றவை ஆயருக்கு உரியவை. எங்களுக்கு ஊட்டி மறைமாவட்ட ஆயர். 1955-இல் மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது அது. பெரும்பாலான ஆசீரைக் குருக்கள் வழங்குகிறார்கள், சிலவற்றைக் குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டர்களும். பலருக்குத் தெரியாத செய்தி, பொதுநிலையினரும், அதாவது குருப்பட்டம் பெறாத சாதாரண விசுவாசிகளும், சில ஆசீர்களை நடத்தலாம் என்பது. பெற்றோர் பிள்ளைகளுக்கு ஆசி கூறலாம், மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிற உபதேசியார், அனுமதி பெற்றுச் சிலவற்றை நடத்தலாம். அப்போது கையை விரிக்காமல் குவித்துக்கொள்ளவேண்டும். "ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்று சொல்லாமல் "ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக" என்று சொல்லவேண்டும். ஒரு சொல் வித்தியாசம்தான். ஆனால் நிற்கிற இடமே மாறுகிறது. மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபட்டு, சாமி வரமுடியாத எஸ்டேட்டுகளில் உபதேசியார்தான் எத்தனையோ வீட்டில் இந்த "நம்மை"யைச் சொல்லியிருக்கிறார்.

கத்தோலிக்கர் அல்லாதவர்கள் ஆசீர் கேட்கலாமா? கேட்கலாம். 1983-இன் திருச்சபைச் சட்டம், ஆசீர் முதன்மையாகக் கத்தோலிக்கருக்கு என்றாலும், தனித்தடை இல்லாத இடத்தில் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்கிறது. எங்கள் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டுகிற இந்துத் தோழர்களும் இஸ்லாமியத் தோழர்களும் திருவிழா அன்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஊட்டி காந்தல் குருசடி என்ற சிலுவைத் திருத்தலத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் திருமுழுக்கு வாங்காதவர்கள்! இயேசு அறையப்பட்ட சிலுவையின் துண்டு என்று அங்கே போற்றப்படும் திருச்சிலுவைத் துண்டின் முன் முழந்தாளிடும்போது யாரும் யாரையும் சான்றிதழ் கேட்பதில்லை.

வருடத்தில் என்னென்ன ஆசீர்கள் வருகின்றன என்று கேட்டால் பட்டியல் நீளும். ஜனவரி 17, வனத்து அந்தோணியார் திருநாள். மாடு, ஆடு, நாய் எல்லாம் கோயிலுக்கு வரும். பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். வருடத்துக்கான மெழுகுதிரிகளை மந்திரிப்பார்கள். காற்றுமழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாத வீடுகளில் அந்தத் திரிதான் எரியும், ஜெபமாலைக்கும் சோற்றுக்கும் சேர்த்து. மறுநாள் புனித பிளேஸ் நினைவு. இரண்டு திரியைக் குறுக்காகப் பிடித்துத் தொண்டையில் வைத்து ஆசி வழங்குவார்கள். உறைபனிக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் இருமிக்கொண்டே வரிசையில் நிற்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின ஞாயிறு பேனாவும் ஹால் டிக்கெட்டும் பீடத்துக்கு முன் ஒரு தாம்பாளத்தில். விதை உருளைக்கிழங்கு மூட்டைக்கு ஒரு ஆசீர், அறுவடைக்கு ஒன்று. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கர்ப்பிணித் தாய்க்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று. இவை எதையும் விரிக்கவில்லை. குருத்தோலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச ஆசை, ஏனென்றால் ஆசீர் பெற்ற ஒரு பொருள் ஒரு வருடம் எப்படி வாழ்கிறது என்பதை அதில் முழுசாகப் பார்க்கலாம்.

எங்கள் மலையில் தென்னை கிடையாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தென்னைக்கு இந்தக் குளிர் ஆகாது. குருத்து ஞாயிறுக்கான ஓலை முழுக்கக் கீழே இருந்து வரவேண்டும். சனிக்கிழமை காலை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற காய்கறி வண்டி, திரும்பிவரும்போது ஓலைக்கட்டோடு வரும். சாக்கை ஈரமாக்கிச் சுற்றியிருப்பார்கள். பிரித்ததும் கோயில் முழுக்கச் சமவெளி வாசம். வெளிர்மஞ்சளில், தொட்டால் மெழுகு போல வழுக்கும் குருத்து. இளைஞர்கள் ஈர்க்குச்சியை உரித்து ஆளுக்கு ஒன்றாக வகுந்து வைப்பார்கள். ஞாயிறு காலை மஞ்சுக்குள் எல்லோரும் ஓலையைத் தூக்கிப் பிடித்து "ஓசன்னா" பாடும்போது சாமி தீர்த்தம் தெளிப்பார். பவனி கோயிலுக்குள் நுழைவதற்குள் பிள்ளைகள் சிலுவை, கிளி, மோதிரம் என்று மடித்துமுடித்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிலுவையை நிலைக்கு மேல் செருகுகிறோம். மலை ஈரத்துக்கு ஓலை சீக்கிரம் கெட்டுவிடும். ஆடி மாதம் முடிவதற்குள் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்படிப் பக்கம் வைத்தவர்களுக்குப் புகை ஏறிப் பழுப்பாக நிற்கும். யாரும் எறிவதில்லை. அடுத்த வருடம், தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிறு எல்லோரும் பழைய ஓலையைக் கோயிலுக்குத் திரும்பக் கொண்டுவருவார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை அதைத் தகரச்சட்டியில் போட்டுக் கொளுத்துவார். ஈரம் இருந்தால் முதலில் புகை மட்டும் வரும், கண்ணெரியும். பிறகு சடசடவென்று பிடித்துக்கொள்ளும். சாம்பல் ஆறினதும் வெள்ளைத் துணியில் சலித்தெடுப்பார். ஒரு சாக்கு ஓலைக்கு ஒரு கிண்ணம் சாம்பல்தான் தேறும். புதன்கிழமை சாமி அதற்கு ஆசி வழங்கி நெற்றியில் பூசும்போது "மனம்மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்பார். போன வருடம் "ஓசன்னா" என்று நாம் ஆட்டின அதே ஓலை. ஓலைக்கு ஒரு சக்தியும் வரவில்லை. அது நம்மோடு வருடம் முழுக்க இருந்து, நம் வீட்டுச் சண்டையும் சமாதானமும் பார்த்து, நம் நெற்றிக்கே வந்து சேர்கிறது.

ஆசீர் பெற்ற பொருள் உடைந்துபோனால், மக்கிப்போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எரிக்கலாம், அல்லது மண்ணில் புதைக்கலாம். அறுந்த ஜெபமாலை, சிதைந்த சுரூபம், பழைய படம் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி. மிஞ்சிய தீர்த்தத்தைச் செடிக்கு அடியில், மண்ணில் ஊற்றலாம். சாக்கடையில் ஊற்ற வேண்டாம். கை போன மாதா சுரூபத்தைக் கொண்டுவந்து கோயில் வாசலில் இரவோடு இரவாக வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. நம் தோட்டத்திலேயே ஒரு குழி தோண்டி, இயேசு கற்பித்த ஜெபமான பரலோக மந்திரம் ஒன்று சொல்லி, மரியாதையாகப் புதைத்துவிடலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆசீருக்கு விலை இல்லை. மனமுவந்து காணிக்கை கொடுப்பது வேறு. இவ்வளவு கொடுத்தால்தான் தெளிப்பேன் என்பது வேறு, அதற்குத் திருச்சபையில் இடமில்லை. ஜெபமாலையைக் கடையில் வாங்கியபிறகு மந்திரிக்கக் கொண்டுவாருங்கள். "மந்திரித்தது" என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

முதல்முறை ஆசீர் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூசை முடிந்த கையோடு வாசலில் மறிக்காமல், முந்தின நாளே பங்கு இல்லத்தில் சொல்லிவையுங்கள். சாமி அதற்குரிய ஜெபத்தை எடுத்துவைத்திருப்பார். வண்டியோ வீடோ, அதைப் பயன்படுத்தப்போகிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாசகத்தை வீட்டில் ஒருவரே வாசிக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். போனைப் பையில் வையுங்கள்.

வீட்டில் நீங்களே தொடங்கக்கூடிய ஆசீரும் ஒன்று இருக்கிறது. எங்கள் லயனில் ஒரு பாட்டி உண்டு, இலங்கையிலிருந்து சிறு வயதில் திரும்பிவந்தவர். காலை ஏழு மணிக்குப் பேரப்பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸுக்கு இறங்கும்போது ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்துவார். பச்சைக்கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலைத் தீர்த்தக் கிண்ணத்தில் தொட்டு நெற்றியில் சிலுவை போடுவார். "ஆண்டவர் நம்மைக் காப்பாராக" என்பார், "நம்மை" என்றுதான். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. மார்கழியில் தண்ணீர் ஐஸாக இருக்கும், சின்னவன் "ஐயோ அம்மாச்சி, குளிருது" என்று நெளிவான். "இரு, ஆமென் சொல்லிட்டுப் போ" என்று அவன் மப்ளரைச் சரிசெய்து அனுப்புவார்.